கையளவு

வால்டிவியாவில் மழை இல்லாத நாளில்
யாரும் தொலைக்காட்சி வாங்க வருவதில்லை.
அன்று நல்ல மழை. மூன்றாவது நாள்.
பின்சுவரில் பதினெட்டுத் திரைகள்,
பதினெட்டிலும் ஒரே கிளி
ஒரே நேரத்தில் சிறகு விரித்துக்கொண்டிருந்தது.

நிபால்டோ குடையை மடக்காமலே உள்ளே வந்தார்.
பின்னால் யஸ்னா, பையில் ஒரு நூல்கண்டு.
நான் ஆரம்பித்தேன், எல்லாம் மனப்பாடம்:
தியேட்டர் மாதிரி சத்தம் ஐயா,
அலமாரியில் தம்ளர் அதிரும்,
பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.
அவர் தன் காதைத் தொட்டு
ஒரு விரலை ஆட்டினார், இல்லை என்று.
யஸ்னா சிரித்தார்.
எனக்குக் காதுமடல் வரை சூடு.
ஆற்றங்கரை மீன்சந்தையில் கடற்சிங்கங்கள் குரைப்பது
கடைக்குள் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

என் சட்டையில் குத்தியிருந்த பெயரை
விரல்களில் எழுத்தெழுத்தாகப் படித்தார்:
எ வ ரி ஸ் டோ.
என்னை இத்தனை நிதானமாக
யாரும் கூப்பிட்டதில்லை.

நூலில் முடிச்சுகள் இருந்தன.
ஒன்று, சுவர் முடியும் இடம்.
ஒன்று, விறகடுப்பின் புகைக்குழாய்.
கடைசி முடிச்சு எது என்று
தப்பும் தவறுமாகக் கையால் கேட்டேன்.
இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து காட்டினார்.
நுனியைத் திரையோடு பிடிக்கச் சொல்லிவிட்டு
மறுநுனியோடு பின்னால் நடந்தார்
சலவை எந்திரங்கள் வரை.

கிளியை மாற்று என்றார் யஸ்னா.
செய்தி வைத்தேன்.
பதினெட்டு அமைச்சர்கள் வாய் திறந்தார்கள்.
இவர்கள் அமைச்சரைப் பார்க்கவில்லை.
வலது மூலையில், சின்னக் கட்டத்துக்குள்
கறுப்புச் சட்டைக்காரி ஒருத்தி
கைகளால் பேசிக்கொண்டிருந்தாள்.
ஆறு வருடம் இந்தச் சுவரெதிரே நிற்கிறேன்.
அவளை அன்றுதான் பார்த்தேன்.

நிபால்டோ தன் கையை அவள்மேல் வைத்து அளந்தார்.
முப்பத்திரண்டு அங்குலத்தில் அவள் ஒரு கட்டைவிரல்.
நாற்பத்து மூன்றில் சுட்டுவிரல்.
ஐம்பத்தைந்தில் கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை.

பிறகு விலைச்சீட்டின் முதுகில் எழுதினார்:
போன நிலநடுக்கத்தில் பழைய பெட்டி.
இவள் கை அரிசி அளவு.
மேட்டுக்கு ஓடு என்றாளா,
வீட்டில் இரு என்றாளா?
நான் வீடு என்றேன், யஸ்னா மேடு.
விடியும்வரை நியெப்லா மலைமேல்
இரவு உடையில், நாங்கள் மட்டும்.
பேனாவைப் பிடுங்கி யஸ்னா எழுதினார்:
பூனையும்.

மலிவான ஐம்பத்தைந்தில் விரல்கள் வால் விட்டன.
ஐந்து விரல் ஒன்பதாயிற்று.
வாயில் சோற்றோடு பேசுகிறவனைப் பார்ப்பதுபோல்
யஸ்னா முகம் சுளித்தார்.
நொடிக்கு நூற்றிருபது முறை என்று
ஆயிரம் பேரிடம் ஒப்பித்திருக்கிறேன்,
எதற்கு என்று என்னை யாரும் கேட்டதில்லை,
நல்லவேளை.

இருப்பதிலேயே உசத்தியானது
கிணற்றுத் தண்ணீர்போல் கறுப்பு.
அதில் கடைவாசல் தெரிந்தது,
தெருவில் போகிறவர்கள்
அவள் கைகளை மிதித்துக்கொண்டு போனார்கள்.
எங்கள் ஜன்னல் எதிர்ப்பக்கம் என்று
காற்றில் ஒரு சதுரம் வரைந்தார் யஸ்னா.
அதுவும் கழிந்தது.

மிச்சம் ஒன்று, காட்சிக்கு வைத்தது.
மினுக்கம் இல்லாத திரை, இடது கீழ்மூலையில் கீறல்.
மறைக்கத்தான் நினைத்தேன்.
யஸ்னா அதற்குள் தடவிப் பார்த்துவிட்டார்.
கீறல் அமைச்சர் பக்கம்.
இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள்,
பன்னிரண்டு தவணை, கையெழுத்து.

இலவச ஒலிப்பெட்டி வேண்டாம் என்றார்கள்.
கொடுத்தே ஆகவேண்டும், கடை விதி.
நிபால்டோ நீளத்தை அளந்து பார்த்து,
பூனை படுக்கப் போதும் என்றார்.

பெரிய பெட்டிக்கு நான்கு கைகள் வேண்டும்.
தூக்கியதும் பேச்சு நின்றது.
வாசல் தாண்டி, நடைபாதை தாண்டி,
பிளாஸ்டிக் உறைமேல் மழை தெறிக்கப் போனார்கள்.
பஸ் நிறுத்தத்துக்கு முப்பதடி முன்னால்
நனைந்த பெஞ்சில் பெட்டியை இறக்கினார்கள்.
யஸ்னாவுக்கு உடனே ஏதோ சொல்லவேண்டியிருந்தது.
நிபால்டோ பதில் சொன்னார், நீளமாக,
குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

நியெப்லா பஸ் வந்தது.
போயிற்று.